கோபுரத்திலிருந்து தெரிந்த மொட்டைமாடி

ஊரிலிருந்த தங்கும் விடுதிகளின் படுக்கை விரிப்பெல்லாம் அந்த அம்மாவின் சலவைக் கடைக்குத்தான் வரும். கீழே அவள் இஸ்திரிப் பெட்டியோடு மல்லுக்கட்டுவாள். கணவர் மேலே மொட்டைமாடியில் காயப்போடுவார். மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் கடல் கடந்து வந்த பெண்ணொருத்தி ஒரு வருடம் அவர்கள் வீட்டில் தங்கினாள். வந்த வாரமே அவர்களை அத்தை, மாமா என்று கூப்பிடப் பழகிவிட்டாள்.

வெளிநாட்டு மாணவியை மேயர் முறைப்படி வரவேற்பார் என்று அழைப்பு வந்தது. துணைக்கு அத்தை போனாள்.

மேயரின் அறையில் கம்பளம் காலடிச் சத்தத்தை விழுங்கிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே மூடுபனி. கழுத்தில் பதவிக்குரிய கனமான வெள்ளிச் சங்கிலியோடு மேயர் வரவேற்புரை வாசித்தார். அந்தக் குரல் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல இருந்தது. சோபா நுனியில் உட்கார்ந்திருந்த அத்தைக்குக் கண் சொருகியது.

"எங்க ஊர்ல எதைப் பாக்கணும்னு ஆசைம்மா?" என்று மாணவியிடம் கேட்டார் மேயர்.

மாணவி விட்டத்தைக் காட்டினாள். "மேல. இந்தக் கட்டடத்துக் கோபுரம்."

மேயர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "நானே இன்னும் ஏறினதில்ல. எனக்கு உயரம்னா கொஞ்சம் உதறும். சரி, வாங்க." சங்கிலியைக் கழற்றி அத்தையிடம் நீட்டினார். "இதைக் கொஞ்சம் பிடிங்கம்மா. இடிக்குது."

குறுகலான படிகள் சுற்றிச் சுற்றிப் போயின. உச்சியில் ஊர்ச் சத்தம் ஒன்றுகூட இல்லை. கலைந்துகொண்டிருந்த பனிக்கு மேல் கூரைகள் மட்டும் மிதந்தன. அவற்றுக்கு நடுவே வெள்ளையாக ஏதோ மெல்ல உப்பி, மெல்ல அடங்கியது.

"அத்தை, நம்ம வீடு."

அவர்கள் கடையின் விரிப்புகள்தான். நடுவில் அத்தையின் கணவர், தலைக்குக் கீழே கைகளைக் கோத்து, மல்லாந்து படுத்து வானம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமாவுக்கு உடம்பு முடியலையா?"

"நல்லாத்தான் இருக்காரு. மேல வேலை ஒழியலன்னு தினம் என்கிட்ட அலுத்துக்குவாரு."

சுவரோடு சுவராக ஒட்டி நின்ற மேயர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். "கொடுத்து வெச்ச மனுஷன்" என்றார்.

கோபம் வரும் என்று அத்தை காத்திருந்தாள். வரவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் பார்த்ததெல்லாம் நீராவிதான். இவ்வளவு பெரிய வானம் தன் வீட்டுக்கு மேலேயே இருந்திருக்கிறது. விரிப்புகள் உறங்குகிறவரின் மூச்சுபோல ஏறி இறங்குவதைப் பார்த்தபடியே நின்றாள். சங்கிலியை எப்போது கழுத்தில் போட்டுக்கொண்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை. மூச்சிரைக்க ஏறி வந்த நாளிதழ்ப் புகைப்படக்காரர் அந்தக் கோலத்திலேயே படம் எடுத்துவிட்டார்.

மறுநாள் நாளிதழில், மாணவியை மேயர் வரவேற்கிறார் என்ற வரிக்கு மேலே, சங்கிலியோடு அத்தை சிரித்துக்கொண்டிருந்தாள். மேயர் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தார். கடைக்கு வந்தவர்களெல்லாம், "மேயரம்மா, என் சட்டை ரெடியா?" என்று கேட்டு அவளைப் படுத்தி எடுத்தார்கள்.

மதியம் இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு மாடி ஏறினாள். கணவர் பதறி எழுந்தார்.

"இப்பதான் சும்மா கொஞ்சம்..."

"படுங்க. எனக்கும் இடம் விடுங்க."

அவர் நகர்ந்துகொண்டார். "கடையை யாரு பாக்கறா?"

"பொண்ணு இருக்கால்ல."

ஈர விரிப்பொன்று இருவர் முகத்தையும் தொட்டுவிட்டுப் போனது.