சுவீடன் தச்சன் வீட்டு மேசை

வெள்ளைக்காரன் என்றால் கடலைப் பார்த்த பங்களாவில் நீச்சல் குளத்தோடு இருப்பான் என்றுதான் துபாயில் நாங்கள் எல்லோரும் நம்பியிருந்தோம். கராமாவில், லிஃப்ட் பாதி நாள் ஓடாத எங்கள் கட்டிடத்துக்கு ஒரு சுவீடன்காரன் பெண்டாட்டி பிள்ளையோடு குடிவந்தபோது கட்டிடமே வாயைப் பிளந்தது. அதிலும் அவன் மரவேலை செய்யும் தச்சன். பணக்காரர்களின் வில்லாக்களுக்குக் கதவும் அலமாரியும் செய்கிற ஒரு கம்பெனி, வாடிக்கையாளர் கண்ணுக்குக் காட்ட ஒரு வெள்ளைத் தோல் வேண்டுமென்று அவனைக் கொண்டுவந்திருந்தது. வாடகையும் தன் சம்பளத்தில்தான் என்பது இங்கே வந்து இறங்கிய பிறகுதான் அவனுக்குத் தெரிந்ததாம். கழுதை கெட்டால் குட்டிச்சுவர், வெள்ளைக்காரன் கெட்டால் கராமா!

நம் ஆட்களின் லட்சணத்தையும் சொல்ல வேண்டும். தலையெல்லாம் மரத்தூளோடு வருகிற அந்தத் தச்சனுக்கு வாட்ச்மேன் எழுந்து நின்று சல்யூட் வைப்பான். வருஷக்கணக்காக நர்ஸ் உடுப்போடு அதே வாசலில் நுழைகிற என்னை அவன் நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை.

நான் குளச்சல் பக்கத்துக் கடற்கரைக்காரி. கணவருக்குத் தூரத்து ருவைஸில் எண்ணெய் ஆலை வேலை. வெள்ளிக்கிழமை வருவார், அழுக்குத் துணியைப் போடுவார், போவார். எட்டு வயது மகளைப் பள்ளி விட்ட பிறகு பார்த்துக்கொண்டிருந்த மலையாளத்து அம்மா ஊருக்குப் போய்விட, கணவர் சுலபமாகச் சொல்லிவிட்டார்.

"நாகர்கோவில் ஹாஸ்டல்ல போட்டிருவோம்."

"ஹாஸ்டல்ல போடதுக்கா பெத்தேன்?" என்று நான் சண்டை போட்டேன். ஆனால் என் டியூட்டி முடிய இரவு எட்டாகும். அந்த நேரத்தில்தான் தச்சன் மனைவி லிஃப்டில் என்னிடம், "என் மகளுக்கும் இதே வயதுதான். நீங்கள் வரும்வரை எங்கள் வீட்டில் விளையாடட்டுமே" என்றாள். மாதாவே இறங்கி வந்ததுபோல் இருந்தது எனக்கு.

அந்தப் பக்தி ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

"அம்மா, பசி உயிரு போவுது" என்று மகள் ஒரு நாள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அவங்க ஒண்ணும் தரலியா மக்ளே?"

"அவங்க ஆறு மணிக்கே சாப்பிடுவாங்க. என்னை ரூம்ல வெயிட் பண்ணச் சொல்லுவாங்க. நான் கலர் பண்ணிட்டு இருப்பேன்."

வீட்டுக்கு வந்த பிள்ளையை அறையில் வைத்துவிட்டு, கரண்டிச் சத்தம் கேட்க மூன்று பேரும் மென்று விழுங்கியிருக்கிறார்கள்! எங்கள் ஊரில் நாய்க்குக்கூட ஒரு உருண்டை வைக்காமல் யாரும் கை கழுவமாட்டார்கள். எச்சில் கையால் காக்கா ஓட்டாத கூட்டம்! மேலே ஏறிப்போய் நாலு வார்த்தை கேட்கத்தான் கிளம்பினேன். ஆனால் கேட்டால் தச்சன் மனைவி கதவைச் சாத்துவாள், மகள் ஹாஸ்டலுக்குப் போவாள். செருப்பைக் கழற்றிப் போட்டேன்.

மறுநாளிலிருந்து நீல டிபன் டப்பாவில் சோறும் மீனும் வைத்துக் கொடுத்தேன். "அந்த வீட்டுல பச்சத்தண்ணி வாயில வச்சேன்னு கேட்டேன், தோல உரிச்சிருவேன்" என்றும் சொல்லி அனுப்பினேன்.

அதன் பிறகு மேசையில் அவளுக்கும் ஒரு இடம் கொடுத்தார்களாம். உயரம் எட்டவில்லையென்று தச்சனே ஒரு நாற்காலி செய்து போட்டானாம். "சோறு போட வக்கில்ல, நாற்காலி செய்யானாம்!" என்றேன். லீவு நாளில் அவர்கள் பெண்ணும் எங்கள் வீட்டுக்கு வருவாள். நான் அடுப்பைப் பற்றவைத்தால் போதும், அவள் அம்மா வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவாள். என்ன திமிர் என்று நினைத்துக்கொள்வேன்.

பிறகு துபாயே கடனில் முழுகிய அந்தக் கெட்ட வருஷம் வந்தது. பாதியில் நின்ற வில்லாக்களை அப்படியே விட்டுவிட்டு கம்பெனி முதலாளி ஓடிப்போனான். தச்சனுக்கு விசா கேன்சல். வாட்ச்மேனின் சல்யூட்டும் அன்றோடு நின்றுபோனது.

கடைசி நாள் அவர்களுடைய சட்டி பானையெல்லாம் பெட்டிக்குள் போய்விட்டதால் சாயங்காலம் சாப்பிடக் கூப்பிட்டேன். வஞ்சிர மீன் குழம்பு, சோறு, பயறுத் துவட்டல். பிள்ளையைப் பட்டினி போட்டவர்களுக்கு விருந்து என்றால் என்னவென்று காட்டவேண்டாமா?

வந்தார்கள். ஒழுங்காக வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். உட்கார்ந்தார்கள். மூன்று பேரும் பையிலிருந்து ஆளுக்கொரு டப்பாவை எடுத்து மேசையில் வைத்தார்கள். உள்ளே ரொட்டியும் பாலாடைக் கட்டியும்.

"எங்க வீட்டுச் சோறு உங்க தொண்டையில இறங்காதோ?" என்று நான் ஆங்கிலத்தில் கத்தியே விட்டேன்.

தச்சன் மனைவிக்கு முகம் வெளுத்தது. "உங்கள் மத வழக்கம் அதுதான் என்று நினைத்தோம். எங்கள் ஊரில் அடுத்தவர் பிள்ளைக்கு நாங்களாகச் சாப்பாடு போடமாட்டோம். அவள் அம்மா சமைத்து வைத்துக் காத்திருப்பாளே, அவளை அவமதிப்பதுபோல ஆகும். பிறகு உங்கள் மகள் டப்பாவோடு வந்தாள். தண்ணீர் கொடுத்தால்கூடத் தொடவில்லை. மதக் கட்டுப்பாடா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். எங்கள் கை பட்டது உங்களுக்கு ஆகாது, உங்களுடையதையும் நாங்கள் தொடக்கூடாது என்று..."

நான் மகளைத் திரும்பிப் பார்த்தேன்.

"நீதானம்மா தண்ணிகூடக் குடிக்காதேன்ன. எக்ஸ்பிளெயின் பண்ணத் தெரியல. யெஸ்னு சொல்லிட்டேன்."

என் அம்மை மீன் கூடையோடு போன வீடுகளில் கொல்லைப்புறத்தில் எட்ட நின்று குனிந்து கையேந்தினால்தான் தண்ணீர் ஊற்றுவார்கள். சொம்பு அவள் கையில் பட்டுவிடக் கூடாது. அவள் பெற்ற மகளான என்னை, தீட்டுப் பார்க்கிறவள் என்று ஒரு குடும்பமே இத்தனை நாள் நம்பி, மரியாதையாக விலகி நின்றிருக்கிறது. எனக்கு வந்த ஆத்திரத்தில் மூன்று டப்பாக்களையும் பிடுங்கி அடுக்களையில் வைத்துவிட்டுத் தட்டுகளைப் போட்டேன். "தின்னுங்கோ!" என்றேன் தமிழிலேயே. காக்கா ஓட்டாதவன் என்று நான் திட்டிய தச்சன் மூக்கொழுக, கண்ணொழுக, திரும்பத் திரும்பக் குழம்பு கேட்டான்.

மறுநாள் போய்விட்டார்கள். மகளைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் கிடைக்கவில்லை. கணவர் சொன்னதே நடந்தது.

ஹாஸ்டலிலிருந்து வந்த முதல் போனில் அழுவாள் என்று பயந்தேன். அவள் அழவில்லை. குரலைத் தாழ்த்தி ஒன்றுதான் கேட்டாள்.

"அம்மா, இங்க பக்கத்து பெட்டுல இருக்க பிள்ள முறுக்கு தாறா. நாம வாங்கித் திங்கலாமா?"