ஹாட் யோகா அறையின் கதவு

விருதுநகரில் இன்று ஹாட் யோகா வகுப்புக்குப் போனேன். வெளியே மண்டையைப் பிளக்கிற வெயில். உள்ளே நாலு ஹீட்டர்.

"இடுப்பு வலி போயிரும், வாங்க மதினி" என்று தம்பி மனைவிதான் கூட்டிப்போனாள். வாரம் ஆறு நாள் பட்டாசுக் கம்பெனியில் தரையில் உட்கார்ந்து திரி செருகுகிற இடுப்பு இது. யார் என்ன சொன்னாலும் நம்பும்.

வகுப்பு தொடங்கியதும் டீச்சர் கதவைச் சாத்தினார். நான் எழுந்து போய்த் திறந்துவிட்டு வந்தேன். மறுபடி சாத்தினார். மறுபடி திறந்தேன். மூன்றாம் முறை கதவில் கை வைத்தபோதுதான் என்ன செய்கிறேன் என்றே எனக்கு உறைத்தது.

"சூடு வெளிய போயிருதுல்ல. ஏன்க்கா தெறக்கீக?"

"வேலை பாக்குற ரூம்ல கதவ அடைக்கக் கூடாது டீச்சர். ஏதும்னா ஓடணும்ல. பத்தொம்போது வருசப் பழக்கம்."

டீச்சர் மறுபடியும் கதவைச் சாத்தினார்.

கடைசியில் கண்ணை மூடி அசையாமல் படுக்கச் சொன்னார். நான் ஒற்றைக் கண்ணைத் திறந்து கதவைப் பார்த்தேன். பன்னிரண்டு பேரில் இன்னொரு அக்காவும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே செருப்பு மாட்டும்போது அவரிடம் கேட்டேன். "எந்த ஊருக்கா?"

"அச்சங்குளம். நீங்க?"

"நாரணாபுரம்."

இரண்டுமே பட்டாசுக் கம்பெனி வெடித்து ஆட்கள் செத்த ஊர்கள்; செருப்பை மாட்டிக்கொண்டு இருவரும் கிளம்பினோம்.

இடுப்பு வலி அப்படியே இருக்கிறது. சாத்திய அறையில் நிம்மதியாகக் கண்ணை மூடுகிறவர்கள் யாராவது இருந்தால், அது எந்த ஆசனம் என்று சொல்லுங்கள்.