ஒன்பது எழுத்தும் சரி

அன்றைக்கு மாமாவின் பிரிண்டிங் ஷெட்டில் இருந்தவர்கள்: மாமா, அத்தை, அம்மா, கேபிள்கார அண்ணன், சட்டை கொடுத்த ஏஜென்ட், நான். மொத்தம் ஆறு பேர். அப்பா லாரியில் நாக்பூர் தாண்டிப் போயிருந்தார். வண்டியை ஓரங்கட்டிவிட்டு அத்தையின் மடியில் கிடந்த போனுக்குள் அவரும் உட்கார்ந்திருந்ததால் ஆறரைப் பேர் என்று வைத்துக்கொள்ளலாம். சுவரோரமாக மூட்டை கட்டிய இரண்டாயிரம் நீலச் சட்டைகள். எங்களுக்குக் காலை ஆறு மணி. டிவிக்குள் அமெரிக்காவில் முந்தைய நாள் ராத்திரியே இன்னும் முடியவில்லை.

குமாரபாளையத்தில் பாதி ஊர் தறி ஓட்டும். மாமா தறி ஓட்டவில்லை. கல்யாண வீட்டில் தேங்காய் பழம் போட்டுக் கொடுக்கும் துணிப்பைகளில் பெண் மாப்பிள்ளை பெயரை அச்சடிப்பதுதான் அவர் தொழில். ஆனி வரைக்கும் கை ஓயாது. ஆடி பிறந்தால் கல்யாணம் கிடையாது, கல்யாணம் இல்லையென்றால் பையும் கிடையாது. ஒவ்வொரு வருஷமும் ஆடி என்னவோ புதிதாக வருவதுபோல மாமா வைகாசியிலேயே கவலைப்பட ஆரம்பித்துவிடுவார். அந்தக் கவலையில் நானும் அவருக்குத் துணை. அப்படி ஒரு வைகாசியில்தான் ஏஜென்ட் வந்தார்.

"அமெரிக்காவுல கூடைப்பந்து நடக்குதுங்க. காசு குடுத்து ஆள் வெச்சு ஆடற பெரிய பெரிய டீமு. கடைசியில ரெண்டு டீம் மோதும். எது ஜெயிக்குதோ அந்தச் சட்டை அன்னைக்கே ஏரோப்ளேன் ஏறோணும். அதனால ரெண்டுக்கும் முன்னாலயே அடிச்சு வெச்சர்றது."

"தோத்த டீமு சட்டைய என்னங்க பண்ணுவீங்க?" என்றார் மாமா.

"வேஸ்ட் துணிக்காரன் எடுத்துக்குவானுங்க."

"எங்குளுக்கு எந்த டீமுங்க?"

ஏஜென்ட் கொஞ்சம் இருமினார். "நல்லா ஆடற டீமுதாங்க."

ஜெயித்தால் சட்டைக்குப் பதினெட்டு ரூபாய். தோற்றால் ஒன்றுமில்லை. சட்டை அவருடையது, மை எங்களுடையது. அத்தை சீட்டு எடுத்து, மழைக்கு முன்னால் ஷெட்டின் கூரைத் தகரத்தை மாற்றுவதற்கு வைத்திருந்த பணம் மையாக மாறியது. அத்தை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாமலிருந்தால் மாமாவுக்கு இன்னும் பயமாக இருக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

அச்சுச் சட்டம் பவானியில் தயாரானது. அதற்கு முன்னால் எழுத்து வரைந்த பிலிம் தாளை மாமா கொண்டுவந்து என் முன்னால் விரித்தார். நான் அப்போது ஐந்தாவது முடித்து ஆறாவதுக்குப் போக இருந்தேன். எங்கள் குடும்பத்தில் அதுவே பெரிய படிப்பு.

"அம்மிணி, நீதான் இங்கிலீசு தெரிஞ்சவ. ஏஜென்ட் எழுதிக் குடுத்த சீட்டையும் இதையும் வெச்சுப் பாரு. எழுத்து எல்லாம் சரியா இருக்குதா?"

எனக்கு இங்கிலீஷில் எழுத்துகள் தெரியும். அவை கூடி நின்றால் என்ன செய்யும் என்பது அவ்வளவாகத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் மனம் வரவில்லை. அதனால் எண்ணினேன். சீட்டில் ஒன்பது எழுத்து. பிலிமில் ஒன்பது எழுத்து. இதிலும் முதலில் சி, அதிலும் முதலில் சி. இரண்டிலும் கடைசியில் எஸ்.

"ஒன்பது எழுத்தும் சரி மாமா" என்றேன். ஒரு கடலை மிட்டாய் கிடைத்தது.

சட்டையெல்லாம் அடித்துக் காயவைத்து மூட்டை கட்டியபிறகுதான் கேபிள்கார அண்ணன் வந்து சங்கதியை உடைத்தார். எங்களுக்காக அந்தச் சேனலைத் திறந்துவிட வந்தவர், மூட்டையைப் பார்த்ததும் தலையில் கை வைத்தார்.

"அட மாமா, இவனுங்க எப்படியோ தட்டுத் தடுமாறி உள்ள வந்தவனுங்க. ஜெயிக்கற டீமுச் சட்டைய பெரிய கம்பெனில குடுத்துப்போட்டு, தோக்கறத உங்க தலையில கட்டியிருக்கறாரு."

மாமா அத்தையைப் பார்த்தார். அத்தை டிவியைப் பார்த்தார். "இருக்கட்டும் போடுங்க, பாக்கலாம்" என்றார்.

ஏழு ஆட்டம். முதலில் நான்கு ஜெயிப்பவருக்குக் கோப்பை. முதல் ஆட்டத்தில் நீலச் சட்டை பந்து போடும்போதெல்லாம் நாங்கள் கைதட்டினோம். அத்தை விசில் அடித்தார். அவருக்கு விசிலடிக்கத் தெரியும் என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும். பாதி ஆட்டத்தில் கேபிள்கார அண்ணன் உள்ளே வந்தார்.

"ஏனுங்கத்தே, யாருக்குக் கை தட்டறீங்க?"

"நம்ம நீலத்துக்குத்தான்."

"அது கருநீலம், எதிரி. நம்மாளுங்க இன்னைக்கு வெள்ளை போட்டிருக்கறானுங்க. ஊருக்கு ஊரு சட்டைய மாத்துவானுங்க."

"ஊட்டுக்கு ஒரு சட்டை, வெளியூருக்கு ஒரு சட்டையா? இவனுங்களுக்கு அடிச்சுக் குடுத்தே யாரோ பொழைக்கறாங்க" என்றார் அம்மா.

அன்று தோற்றோம். அடுத்ததிலும் தோற்றோம். எதிரிக்கு நாங்கள் தட்டிய கைதான் காரணம் என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது.

மூன்றாவது ஆட்டத்திலிருந்துதான் என்னவோ நடந்தது. எங்கள் அணியில் பதினோராம் நம்பர் ஒருவன் இருந்தான். மலைமலையாக நின்ற மற்றவர்களுக்கு நடுவில் அவன் மட்டும் ஆளளவாக இருந்தான். அத்தைக்கு அவனைத்தான் பிடிக்கும். "நம்ம பால்காரத் தம்பியாட்டவே இருக்கறான் பாருங்க" என்பார். அந்தப் பால்காரத் தம்பி மலைகளின் கைக்குக் கீழே புகுந்து, கக்கத்தின் வழியாக வந்து, பந்தைத் தூக்கி வீச, அது வளையத்தைத் தொடாமல் வலைக்குள் சலக்கென்று இறங்கியது. திரும்பவும் வீசினான். திரும்பவும் இறங்கியது. மூன்றாவதில் ஜெயித்தோம். நான்காவதிலும் ஜெயித்தோம். இரண்டுக்கு இரண்டு. கைமுறுக்குப் பொட்டலத்தோடு தெருவில் இருந்தவர்கள்கூட சன்னலில் நின்று பார்த்தார்கள். அப்பா போனில், "என்ன ஆச்சு? கத்திப்போட்டு யாரும் ஒண்ணும் சொல்லாம இருந்தா எப்படி?" என்று ஒரிசாவிலிருந்து கதறுவார்.

ஐந்தாவதில் தோற்றோம். ஆறாவது ஆட்டத்துக்கு முதல் நாள் பள்ளிக்கூடம் திறந்தது.

ஆறாம் வகுப்பு பெரிய பள்ளியில். தலைமையாசிரியர் அறைக்கு வெளியே கண்ணாடி அலமாரி. அதற்குள் எப்போதோ கோ-கோவில் வாங்கிய கேடயம். பித்தளையில் அதே சொல். மாமாவின் ஷெட்டில் இரண்டாயிரம் தடவை பார்த்த சொல் என்பதால் ஆசையோடு கிட்டப்போய்ப் படித்தேன். பி எழுத்துக்கு அப்புறம் ஐ இருந்தது. அதன்பிறகு ஓ.

எங்கள் சட்டையில் ஓ முதலில். ஐ அதன்பிறகு.

ஷெட்டுக்கு ஓடிவந்து மூட்டையின் ஓரத்தில் விரலை விட்டு ஒரு சட்டையை இழுத்துப் பார்த்தேன். ஒன்பது எழுத்துதான். கூட்டிப் படித்தால் சாம்பாயின்ஸ் என்று வந்தது. சாம்பாருக்குத் தூரத்துச் சொந்தம்போல. காயவைத்து, சூடு வைத்து, இனி எந்தச் சோப்புக்கும் போகாது என்று மாமா பெருமையாகச் சொன்ன மை.

அன்றிரவு நான் கணக்குப் போட்டேன். நம் அணி ஜெயித்தால் ஏஜென்ட் மூட்டையைப் பிரிப்பார், படிப்பார், பார்த்துக் கொடுத்தது யார் என்று கேட்பார். தோற்றுவிட்டால் யாரும் பிரிக்கப்போவதில்லை. மை காசு போகும். அத்தை ஒன்றும் சொல்லமாட்டார். என் பெயர் வெளியே வராது. பதினோரு வயதில் எனக்குத் தெரிந்த நியாயம் அவ்வளவுதான். மறுநாள் காலை எல்லாரும் ஜெயிக்கவேண்டும் என்று கும்பிட்டபோது, நான் மட்டும் வாய்க்குள், "தோக்கோணும் சாமி" என்று கும்பிட்டேன்.

சாமி என் பேச்சைக் கேட்கவில்லை. ஆறாவதில் ஜெயித்தார்கள். மூன்றுக்கு மூன்று.

இப்படித்தான் அந்தக் கடைசிக் காலை வந்தது. ஏஜென்ட் விடியுமுன்னே வாசலில் வேனை நிறுத்திவிட்டு உள்ளே வந்து முக்காலியில் உட்கார்ந்தார். அத்தை அவருக்குக் காபி கொடுத்தார். நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

அந்த ஆட்டத்தைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் மூச்சு வாங்கும். கருநீலக்காரர்கள் பதினைந்து புள்ளி முன்னால் போனார்கள். எனக்கு நிம்மதி. உடனே நம்மவர்கள் மூன்று, இரண்டு, இன்னொரு மூன்று என்று பின்னாலேயே ஏறி வந்தார்கள். நான் முந்தானையை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். பதினோராம் நம்பர் விழுந்தான், எழுந்தான், கணுக்காலைப் பிடித்துக்கொண்டு நொண்டினான். "அவனை உக்கார வைங்கடா பாவிங்களா!" என்று அத்தை, "உக்கார வெச்சா நம்ம கதி என்ன?" என்று மாமா. கடைசி நிமிஷத்தில் நாங்கள் ஒரு புள்ளிதான் பின்னால். நான்கு விநாடி மிச்சம். நொண்டிக்கொண்டே உள்ளே புகுந்தவனை ஒரு மலை இடித்துத் தள்ளியது. விசில்.

"ஃபவுல்! ரெண்டு பந்து சும்மா போடலாம்!" கேபிள்கார அண்ணன் நாற்காலி மேல் ஏறிவிட்டார். "ஒண்ணு போட்டா சமம். ரெண்டும் போட்டா நாமதான்."

"சும்மான்னா? யாரும் தடுக்கமாட்டாங்களா?"

"மாட்டாங்கத்தே. எல்லாரும் நின்னு வேடிக்கதான் பாக்கோணும்."

"இவ்வளவு நல்லவனுங்களா!"

முதல் பந்து. நான் கண்ணை மூடிக்கொண்டு "வெளிய போகட்டும் சாமி, வெளிய போகட்டும்" என்றேன். ஷெட் அதிர்ந்தது. விழுந்துவிட்டது. சமம்.

இரண்டாவது பந்தை வீசும்போது கண்ணைத் திறந்துவிட்டேன். அதுதான் தப்பு. பந்து வளையத்தின் விளிம்பில் உட்கார்ந்தது. சுற்றியது. மெதுவாக, யாரிடமோ வழி கேட்பதுபோல இன்னொரு சுற்று. ஷெட்டில் ஒருவரும் மூச்சு விடவில்லை. போனுக்குள் அப்பாவும் விடவில்லை. அந்தச் சுற்றில் பள்ளிக்கூடத்துக் கேடயம், பித்தளை எழுத்து, ஏஜென்ட் எல்லாம் எனக்கு மறந்துபோயின. எல்லோருக்கும் முன்னால் என் குரல்தான் கேட்டது.

"விழுடா!"

விழுந்தது.

கருநீலக்காரன் ஒருவன் மறுகோடியிலிருந்து வீசிய பந்து பலகையில் இடித்துக் கீழே விழ, மணி அடித்தது. மாமா என்னைத் தூக்கித் தலைக்குமேல் சுற்றினார். அம்மாவும் அத்தையும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். ஏஜென்ட்கூடக் குதித்தார். அப்பா அங்கே ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தது போன் வழியாகக் கேட்டது. நான் ஓவென்று அழுதேன். "பாருங்க, புள்ளைக்குச் சந்தோசத்துல அழுகாச்சு வந்துபோட்டுது" என்றார் அத்தை.

மூட்டைகள் வேனுக்கு ஏறத் தொடங்கின. நான் மாமாவின் கையை இழுத்தேன். "மாமா, அந்த எழுத்து..."

"எழுத்தெல்லாம் அப்பறம் படிக்கலாம் சாமி, தள்ளு தள்ளு."

ஏஜென்ட் ஒரு சட்டையை உருவினார். இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து நெஞ்சில் வைத்துக்கொண்டார். நான் அவர் கண்களையே பார்த்தேன். அவை எழுத்தின் மேல் இடமிருந்து வலமாக நகர்ந்தன.

"சாம்பியன்ஸ்!" என்று உரக்கப் படித்தார். சட்டையை மூட்டைக்குள் திணித்தார். மாமாவின் கையில் பத்தாயிரம் ரூபாயை வைத்து, "மீதி வர்ற வாரங்க" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறிப் போனார்.

அந்த வாரம் அவர் வரவில்லை. மாமா போன் பண்ணும்போதெல்லாம் நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்பேன். "பார்ட்டி இன்னும் குடுக்கலைங்க" என்ற பதில் கொஞ்ச நாள். பிறகு மணி மட்டும் அடித்தது. பிறகு அதுவும் இல்லை. எங்கோ அமெரிக்காவில் ஒருவர் சட்டையைப் பிரித்துப் படித்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த மழைக்குத் தகரம் ஒழுகியது. ஒழுகிய இடத்தில் அத்தை வாளி வைக்கும்போதெல்லாம் அதில் விழும் சொட்டுகளை நான் எண்ணுவேன். இங்கிலீஷ் பாடத்தில் எழுந்து படிக்கச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். எட்டாவதோடு நின்று தறிக்குப் போனபோது எல்லோரும் வருத்தப்பட்டார்கள். எனக்கு மட்டும் ஒரு பாரம் இறங்கியது.

போன வருஷம் மாமா வீட்டில் அன்றைக்கு மாதிரிக்கு அடித்துப் பார்த்து மிஞ்சிய சட்டை ஒன்றைப் பார்த்தேன். அத்தை அதைத் தலையணை உறையாகத் தைத்திருந்தார். மை அப்படியே இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, இத்தனை வருஷமாகச் சொல்லாததை மாமாவிடம் சொன்னேன். ஓ, ஐ, கேடயம், நான் கும்பிட்டது, எல்லாம்.

மாமா தலையணையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எழுத்தை விரலால் தடவினார். பிறகு சிரிக்க ஆரம்பித்து இருமலில் முடித்தார்.

"அட என்ற சாமி! பள்ளிபாளையத்துல ஒருத்தர் இதே டீமுக்கு ஆயிரம் சட்டை அடிச்சாரு. அவரு மகன் காலேசு வாத்தியாரு. ஓரெழுத்துத் தப்பில்ல. அவருக்கும் அந்த ஆளு குடுக்கல."

உள்ளேயிருந்து அத்தை கேட்டார். "ஏனுங்க, எதுக்குச் சிரிக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல. இவ அன்னைக்கு நம்ம டீமு தோக்கோணும்னு கும்பிட்டாளாமா."

"பொய்யி" என்றார் அத்தை. "விழுடான்னு கத்துனதே இவதான். என்ற காதுல இன்னும் கேக்குது."

சரியாக எழுதியவருக்கும் கொடுக்காதவர்கள் உண்டு என்பது அந்த வயதில் எனக்குத் தெரியாது. இரண்டாயிரம் சட்டை, பதினெட்டு ரூபாய் வீதம் முப்பத்தாறாயிரம். கொடுத்தது பத்தாயிரம். இரண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டேன். இந்தத் தடவை சரிதான். இன்னும் வரவேண்டியது இருபத்தாறாயிரம் ரூபாய்.