கக்கத்துப் பூண்டு

பூண்டியில் காலடி வைத்த அன்றே என் மூக்கு வேலையிழந்தது. கொடைக்கானலில் வேலை என்று சொல்லித்தான் எங்களைக் கூட்டி வந்தார்கள். லாரி கொடைக்கானலைத் தாண்டியது, அட்டுவம்பட்டியைத் தாண்டியது, பிறகும் போய்க்கொண்டே இருந்தது. உலகம் முடிகிற இடத்தில் எங்களை இறக்கிவிட்டபோது முதலில் வந்து வரவேற்றது பூண்டு வாடை. டீக்கடைத் தம்ளரில் பூண்டு. துவைத்துக் காயப்போட்ட சேலையில் பூண்டு. மலையிறங்கிப் பழனிக்குப் போய்வந்த ஒருவர் திருநீற்றுப் பொட்டலம் கொடுத்தார். ஆசையோடு பிரித்து நெற்றியில் இட்டால் முருகனுக்கும் அதே வாடைதான். ஊர்க்காரர்களுக்கு அப்படி ஒரு வாடை இருப்பதே தெரியவில்லை. "என்ன வாடை?" என்று திருப்பிக் கேட்கிறார்கள்.

சிரிக்காதீர்கள். என் மூக்கு சும்மா மூக்கு இல்லை, சம்பளம் வாங்கிய மூக்கு. இலங்கையில் பண்டாரவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இன்னும் இருக்கிற சனங்களுக்கு இது தெரியும். எங்களைப்போலக் கப்பலேறி வந்து மலைக்கு ஒரு குடும்பமாகச் சிதறிப்போனவர்களுக்கும் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நான் அங்கே பிள்ளைக் காம்பராவில் ஆயாவாக இருந்தேன். விடிந்ததும் பிரட்டில், அதுதான் பேர் கூப்பிட்டு ஆளெடுக்கிற இடத்தில், பேர் கொடுத்துவிட்டு, கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைப்பிள்ளைகளை என்னிடம் விட்டுப்போவார்கள். நோய்ப்பிள்ளையைக் காம்பராவில் சேர்க்கக்கூடாது என்பது தோட்டத்துச் சட்டம். "இந்தப் பிள்ளைக்குச் சுகமில்லை" என்று நான் ஒரு சொல் சொன்னால் தாய்க்கு அன்று மலையேற வேண்டியதில்லை. மருந்துக்கார ஐயாவிடம் காட்டி ஒரு துண்டுச்சீட்டு வாங்கிக்கொண்டு பிள்ளையோடு லயத்து வீட்டிலேயே இருக்கலாம்.

அப்படியானால் என்ன நடக்கும்? உரித்த பூண்டுப் பல்லைப் பிள்ளையின் கக்கத்தில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்தால் தோல் சிவந்து காந்தும். தொட்டுப் பார்க்கிறவள் காய்ச்சல் என்றே நினைப்பாள். மழைக்காலத்தில் அட்டைக்கடிக்குப் பயந்து பாதித் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வரும். சாமி கும்பிடுக்கு முந்தின நாள் மீதிப் பாதிக்கும் வரும். நான் நெற்றியைத் தொடவே மாட்டேன். பிள்ளையின் கையைத் தூக்கிக் கக்கத்தை மோந்து பார்ப்பேன். "போங்கடி மலைக்கு!" என்பேன். அவர்களும் சிரித்துக்கொண்டே போவார்கள். யாருக்கும் கோபமில்லை. பிடிபட்டவள் பிடிபட்டாள், அவ்வளவுதான்.

பூண்டியில் வந்து இறங்கிய மறுநாள் வெள்ளனே எழுந்து பூண்டுக்காட்டு வரப்பில் போய் நின்றேன். என் வீட்டுக்காரர் சீகை மரப்பட்டை உரிக்கக் காட்டுக்குப் போய்விட்டார். எனக்குக் களையெடுப்பு வேலை. பூண்டுக்காட்டுக்குச் சொந்தக்காரி குருவம்மா அக்கா, கம்பளியை முக்காடாகப் போட்டுக்கொண்டு வந்தவள், என்னைக் கடந்து போய்க் குனிந்து களையெடுக்க ஆரம்பித்தாள். நான் அப்படியே நின்றேன். அரைப் பாத்தி முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏ சிலோனு, ஏன் நட்டமா நிக்கே?"

"எம்பேர யாருமே கூப்பிடலையேக்கா."

"உம்பேர நா எதுக்குக் கூப்பிடணும்? சோலி பாக்க வந்தாக் குனி."

அங்கே எங்களுக்கு இந்தியாக்காரர் என்று பேர், இங்கே சிலோன்காரர். எங்கே போனாலும் பக்கத்து நாட்டின் பேரைத்தான் நமக்கு வைக்கிறார்கள். போகட்டும். பேர் சொல்லிக் கூப்பிடாமலே வேலை நடக்கிற ஊரில், பிள்ளைக்குச் சுகமா, சுகமில்லையா என்று சொல்லவும் தனியாக ஆள் கிடையாது. துண்டும் கிடையாது. பிள்ளை இருமினால் குருவம்மா அக்கா தானே பார்த்து ஒரு முடிவெடுப்பாள். பெரும்பாலும் அந்த முடிவு ஒரு கஷாயமாக இருக்கும். ஆஸ்பத்திரி என்றால் கொடைக்கானலுக்குத்தான் போகவேண்டும். வாரத்தில் இரண்டே நாள் வருகிற காய்கறி லாரியைப் பிடித்தால் உண்டு.

என் மகள் செல்விக்கு அப்போது ஏழு வயது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தோம். அங்கே பிள்ளைகள் அவள் பேச்சைக் கேட்டுச் சிரித்தார்கள் என்று அவளுக்குப் பள்ளிக்கூடமே கசந்துவிட்டது. அவள் அப்பாவோ ராத்திரிச் சோற்றுக்கு மேல் என் காம்பராக் கதைகளை எடுத்துவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பார். பாம்புக்குட்டிக்கு நெளியச் சொல்லிக் கொடுக்கவேண்டுமா? வீட்டு மூலையில் மூட்டை மூட்டையாகப் பூண்டு கிடக்கிறது. ஒருநாள் காலையில் செல்வி கோழி இறக்கையை ஒடுக்கினதுபோலக் கைகளை இறுக்கிக்கொண்டு வந்து, "அம்மா, காய்ச்சல்" என்றாள். கையைத் தூக்கினேன். இந்தப் பக்கம் மூன்று பல், அந்தப் பக்கம் மூன்று பல்! அடிக்கப் போனவள் சிரித்துவிட்டேன். அடுத்த மாதமும் ஒருமுறை. அந்தத் தடவை பல்லை எடுத்து எறிந்துவிட்டுத்தான் வந்தாள், ஆனால் வாடையை எங்கே எறிவாள்? என் மூக்குக்கு வேலை திரும்பக் கிடைத்துவிட்டது என்று எனக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

மூன்றாவது தடவை நல்ல பனிக்காலம். விடிந்து எழுந்தவள் சுருண்டு உட்கார்ந்துகொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன் என்றாள். தொட்டேன், கொதித்தது. கக்கத்தை மோந்தேன். பூண்டு, அதுவும் தோட்டத்துப் பெண்கள் எவளும் வைக்காத அளவுக்குப் பூண்டு.

"நா வைக்கலம்மா."

"கள்ளனும் அதத்தான் சொல்வான். எந்திரி."

சட்டையை மாட்டி, தலையைச் சீவி, நானே பள்ளிக்கூட வாசல்வரை கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம் அவளைக் கேலி பண்ணிக்கொண்டே போனேன். அவள் திருப்பிப் பேசவில்லை. அதுகூட எனக்கு உறைக்கவில்லை.

உச்சிப்பொழுதில் குருவம்மா அக்கா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் ஓட்டமும் நடையுமாக வந்தாள். பள்ளிக்கூடத்து வழியாக வந்தவளிடம் வாத்தியார் கொடுத்தனுப்பினாராம், பெஞ்சிலேயே சாய்ந்துவிட்டதாம். "காச்சக்காரப் புள்ளையப் பள்ளிக்கொடத்துக்கு அனுப்புவியா? நெஞ்சுல சளி கட்டியிருக்குன்னு நேத்தே பாத்தேன். நீ சோலியா இருந்தே, நாந்தேன் பூண்டச் சுட்டு நல்லெண்ணெயில நசுக்கி நெஞ்சு, கக்கம், உள்ளங்காலு எல்லாந் தேச்சு விட்டேன்."

"எங்கிட்டச் சொல்லலையேக்கா!"

"தலை சீவி விட்டேன்னு சொல்லுவாகளா? தண்ணி குடுத்தேன்னு சொல்லுவாகளா? இதையெல்லாம் ஒருத்தி சொல்லிக்கிட்டா திரிவா?"

என் பிள்ளை உண்மையைச் சொல்லியிருக்கிறது. தோட்டத்தில் எத்தனையோ கள்ளிகளைப் பிடித்த நான், பெற்ற பிள்ளையையே கள்ளி என்று பிடித்து, கொதிக்கிற உடம்போடு பனியில் நடத்திக் கூட்டிப் போயிருக்கிறேன்.

கீழே பாதையில் காய்கறி லாரி நின்றது. மூட்டை ஏற்றி முடிகிற நேரம். அதை விட்டால் இன்னும் மூன்று நாள். அக்கா அடித்துச் சொன்னாள்: "மெளகுக் கஷாயம் வச்சுத் தாரேன். கம்பளியப் போத்திப் படுக்க வையி. இந்தக் குளுருல லாரியில கொண்டுபோனா வழியிலேயே வெறைச்சுப் போகும். நாலு பெத்தவ சொல்லுறேன், கேளு." அவள் சொல்வதிலும் நியாயம் இருந்தது. அவளுடைய நான்கும் கஷாயத்தில் வளர்ந்து கல்லுக்குண்டாக நிற்கின்றன. கேட்டு முடிவெடுக்க வீட்டுக்காரர் பக்கத்தில் இல்லை. காலையில் ஒரு முடிவெடுத்து அதில் தோற்றவள் நான். மறுபடி ஒரு முடிவெடுக்க எனக்கு என்ன யோக்கியதை? லாரி ஹாரன் அடித்தது.

மருந்துக்கார ஐயா காம்பராவுக்கு வருகிறபோதெல்லாம் ஒன்று சொல்வார். சூட்டைப் பார்த்துப் பயப்படாதே, சட்டையைத் தூக்கி மூச்சைப் பார் என்பார். நான் மூக்கையே நம்பிச் சட்டையைத் தூக்குவதை விட்டுப் பல காலம் ஆகியிருந்தது. அன்று தூக்கினேன். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்து விழுந்து எழுந்தது. மூக்கு ஓரம் விடைத்து விடைத்து அடங்கியது. எண்ணக்கூட முடியாத வேகம்.

"இங்க பாருக்கா. இது கஷாயத்துக்கு அடங்காது. நான் போறேன்."

அக்கா குனிந்து பார்த்தாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் அவள் என்னோடு வாதாடவில்லை, லாரிக்காரனோடு வாதாடினாள். முன்சீட்டை ஒரு வியாபாரிக்குச் சொல்லிவைத்திருப்பதாக அவன் இழுத்தான். "யாவாரி மூட்டை மேல ஏறட்டும், அவன் என்ன கண்ணாடிச் சாமானா? வெரசா எடு வண்டிய!" என்று தன் முக்காட்டுக் கம்பளியை உருவிச் செல்வியைச் சுற்றினாள். நல்ல பனியில் வெறுந்தலையோடு அவள் நின்றதை லாரி திரும்புகிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

பொழுது சாய்கிற நேரத்துக்குக் கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். வெள்ளைத் தொப்பி போட்ட நர்சம்மா கம்பளியைப் பிரித்ததுமே முகத்தைத் திருப்பினாள். "என்னம்மா, பிள்ளைய வைத்தியத்துக்குக் கொண்டுவந்தீங்களா, குழம்பு வைக்கவா?" நான் பிள்ளையின் சட்டையைத் தூக்கி மூச்சைக் காட்டினேன்.

"எப்ப இருந்து காய்ச்சல்?"

"காலையிலேயே இருந்துச்சுங்க. நான்தான் நம்பலை."

"இப்படித்தான் எல்லாரும் ஆஸ்பத்திரிய நம்பாம வச்சிருந்து கடைசியில வர்றீங்க."

"ஆஸ்பத்திரிய இல்லைங்க. பிள்ளைய."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பைத்தியம் என்று நினைத்திருப்பாள். விளக்கிச் சொல்லத் தோட்டத்திலிருந்து தொடங்கவேண்டும், அதற்கு நேரமில்லை. டாக்டர் வந்து நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்து நிமோனியா என்றார். பென்சிலின் ஊசி போட்டார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. கண்ணைத் திறந்த செல்வி கையைத் தூக்கி, "வேணும்னா மோந்து பாரும்மா" என்றாள். கட்டிலோரம் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

அந்தக் கட்டிலோரத்தில்தான் மாரியாயி நினைவுக்கு வந்தாள். எங்கள் லயத்துக்காரி. ஒருநாள் அவள் பிள்ளையின் கக்கத்தில் வாடை அடித்தது. "சத்தியமா வைக்கலடி, நெஞ்சுச் சளிக்குத் தேச்சேன்" என்று சொன்னாள். நான் வழக்கம்போலச் சிரித்து அவளை மலைக்கு அனுப்பினேன். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லைதான். ஆனால் அவள் அன்று உண்மையைச் சொல்லியிருந்தால்? வீடு திரும்பியதும் அவளுக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதினேன். அக்கா, அன்று நீ சொன்னது உண்மையா, உண்மையென்றால் என்னை மன்னித்துவிடு என்று கேட்டேன்.

இதற்கிடையில் பூண்டியில் எனக்குப் புது உத்தியோகம் வந்துவிட்டது. எந்தப் பிள்ளை இருமினாலும் தூக்கிக்கொண்டு வந்து சட்டையைத் தூக்கிக் காட்டுகிறார்கள். கஷாயமா, லாரியா என்று நான் சொல்லவேண்டும். பத்தில் எட்டு கஷாயம்தான்; குருவம்மா அக்காவுக்கு அதில் பரம திருப்தி. அவளுக்கும் எனக்கும் ஒரே ஒரு ஒப்பந்தம். யார் பிள்ளைக்குப் பூண்டு தேய்த்தாலும் எனக்குச் சொல்லிவிட வேண்டும். இப்போதெல்லாம் இரண்டு காட்டுக்கு அப்பாலிருந்து, "ஏ சிலோனு, தேச்சிருக்கேன்!" என்று மலையே கேட்கிற மாதிரிக் கத்துகிறாள்.

இரண்டு மாதம் கழித்து மாரியாயியின் பதில் வந்தது. யாரையோ கொண்டு எழுதியிருந்தாள். அவள் பேச்சு அப்படியே இருந்தது. "அடி லூசு, இதுக்கா அழுதே? அன்னிக்கும் பொய்தான் சொன்னேன். சத்தியம் பண்ணினா நீ நம்புவேன்னு பாத்தேன், நீ எங்க நம்பினே! இப்ப வந்திருக்கிற ஆயா நாம என்ன சொன்னாலும் நம்புறா. அவள ஏமாத்தி ஒரு ருசியும் இல்ல. போனது போதும், எப்ப திரும்பி வாறே?"

சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது. எப்ப திரும்பி வாறேயாம்! நான் என்னவோ பதுளைச் சந்தைக்குப் போய்விட்டு வருவதைப்போலக் கேட்கிறாள். எங்கள் கையிலிருக்கிற பாஸ்போர்ட்டில் வருவதற்குத்தான் வழி, திரும்பிப் போவதற்கு இல்லை. அவளுக்கும் அது தெரியும்.

"என்ன எழுதியிருக்கு?" என்று பக்கத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த அக்கா கேட்டாள்.

"எப்ப வருவேன்னு கேக்குறா."

அக்கா கையை நிறுத்தவில்லை. "பூண்டு எடுப்பு முடியட்டும், பொறவு பாப்போம்னு எழுது. ஆள் கெடைக்காத நேரத்துல கூப்பிடுறா பாரு."

நானும் அப்படியே எழுதினேன். 'மாரியாயி அக்கா, இங்கே பூண்டு எடுப்பு நடக்கிறது. முடிந்ததும் கட்டாயம் வந்துவிடுகிறேன், சத்தியமாக.' கடிதத்தை ஒட்டித் தபாலுக்குக் கொடுத்துவிட்டேன். நான் நம்பாமல் மலைக்கு விரட்டியவள் அவள். இதை மட்டும் நம்பிவிடக்கூடாதே என்று இருக்கிறது எனக்கு. நம்பினாலும் தேவலை என்றும் இருக்கிறது.