விஜேந்திரன் போட்ட புகைக்குழாய்

எங்கள் மாத்தளைப் பக்கத்தில் இப்போது கல்யாணம் நிச்சயமானால் முதல் வேலை ரிவர்ஸ்டன் மலையில் நின்று படம் எடுப்பதுதான். பனிமூட்டம் மூடிய புல்மேட்டில் சோடி நிற்கும், பக்கத்தில் விஜேந்திரனின் சிவப்புக் கார் நிற்கும்.

விஜேந்திரன் முப்பது வருடம் ஒரு தோட்டத்துத் துரைக்கு டிரைவராக இருந்தவன். துரை நாட்டை விட்டுப் போகும்போது விட்டுச்சென்ற பழைய போர்ஷே அது. ரேடியேட்டர் கிடையாது, பின்னால் இருக்கும் எஞ்சினைக் காற்றுதான் ஆற்றும். வேறு தொழில் தெரியாத அவன் அந்தக் காரை வைத்தே குடும்பம் நடத்தினான். மணப்பெண் முன்னால் உட்காருவாள், மாப்பிள்ளை பின்சீட்டில் முழங்காலை மடக்கிக்கொண்டு கிடப்பார்.

போன வருடம் அதில் ஏறிய பெண்களுக்குத் தலை சுற்றத் தொடங்கியது. என் டயர் கடைக்கு அடுத்தது யாகூப்பின் சைலன்சர் கடை. அவர் காருக்குக் கீழே படுத்துப் பார்த்தார். அந்த எஞ்சினின் புகைக்குழாயைச் சுற்றி ஒரு தகரக் கூடு இருக்கிறது. அதற்குள் சூடாகும் காற்றுதான் காருக்குள் ஹீட்டராக வரும். உள்ளே இருந்த குழாய் துருப்பிடித்து ஓட்டையாகி, சூட்டோடு புகையும் வந்துகொண்டிருந்தது.

"வெளிநாட்டுல ஸ்டீல்ல செஞ்ச கூடு இருக்குதுங்க. ஓர்டர் போட்டுட்டேன், வர நாலு மாசமாகுமாம்" என்றான் விஜேந்திரன். ஆனால் அடுத்த கிழமையே கிருஷாந்தி என்ற பெண்ணுக்குப் படம் எடுக்க வாக்குக் கொடுத்திருந்தான்.

"கூடு இல்லாம ரெண்டு வெறுங்குழாய் வளச்சுத் தாறன். மாத்தளையில ஆருக்கு மச்சான் ஹீட்டர்?" என்றார் யாகூப்.

மூவரும் சிரித்தோம். வியர்வையில் சட்டை முதுகில் ஒட்ட நின்றுகொண்டு ஹீட்டரைப் பற்றிப் பேசுவது அவ்வளவு வேடிக்கையாக இருந்தது. "அதையே போடுங்க" என்று நானும் வாயைத் திறந்தேன். டயரைத் தவிர எனக்கு என்ன தெரியும்?

மலை ஏறும்போது ஹீட்டர் லீவரை இழுப்பது விஜேந்திரனின் பழக்கம். துரைக்குக் குளிரும் என்று இழுத்துப் பழகியது. அந்தச் சூடுதான் முன்கண்ணாடியைத் தெளிவாக வைத்திருந்தது என்று அவனுக்குத் தெரியாது.

கிருஷாந்தியோடு போன அன்றைக்கு ரத்தோட்டை தாண்டியதும் மழை பிடித்தது. கதவுக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டார்கள். மூன்று பேர் மூச்சில் முன்கண்ணாடி ஆவி படிந்து வெளுத்தது, அதைப் போக்க இப்போது ஹீட்டர் சூடு இல்லை. ஒரு கையால் துடைத்துக்கொண்டே ஒரு வளைவில் திருப்பினான், கார் மதகுச் சுவரில் மோதியது. கிருஷாந்தியின் தோள் எலும்பு முறிந்தது.

கல்யாணம் தள்ளிப்போனது. நாள் குறித்த பிறகு பெண் அடிபட்டது அபசகுனம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்ல, பிறகு நின்றே போனது. தப்புக் குழாயைத் தேர்ந்தெடுத்தது நாங்கள் மூன்று தடியன்கள், தண்டனை அந்தப் பிள்ளைக்கு.

நாலு மாதம் கழித்துக் கூடு வந்தது. யாகூப் கூலி வாங்காமல் காரில் பூட்டிக் கொடுத்தார். புகை இல்லை, கண்ணாடி பளிச்சென்று இருந்தது. ஆனால் கல்யாணத்தைக் கெடுத்த கார் என்று ஊர் முழுக்கப் பேர் வாங்கிவிட்டது. ஒருவரும் கூப்பிடவில்லை.

இந்த ஆவணியில் விஜேந்திரனின் மகள் துஷாராவுக்கு மாப்பிள்ளை அமைந்தது. பேசி முடிக்க வந்த அன்று நானும் அங்கே இருந்தேன். எல்லாம் நல்லபடியாகப் பேசி முடிந்தது, ரிவர்ஸ்டனில் படம் எடுப்பது உட்பட. எழும்பும்போது மாப்பிள்ளையின் அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார்: "தப்பா நெனச்சுக்காதீங்க. அந்தக் காரு மட்டும் வேணாங்க."

துஷாரா அப்பாவைப் பார்த்தாள். விஜேந்திரனின் மனைவி கமலாட்சி தேத்தண்ணிக் கோப்பைகளை அடுக்கத் தொடங்கினாள்.

"சரிதாங்க" என்றான் விஜேந்திரன். "நானா இருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பேன்."

மறுநாள் காலை என் கடைக்கு வந்து, கல்யாணத்துக்கு வாடகைக்கு ஓடுகிற நல்ல வெள்ளைக் கார் யாரிடம் இருக்கிறது என்று கேட்டான். நம்பரைக் கொடுத்தேன்.