அண்ணன் நன்றாக ஊதிய நாள்

விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளை அட்டைக் குழல். அதை வாயில் கவ்விக்கொண்டு, மூக்கில் கிளிப் மாட்டியபடி, மேற்குத் தாம்பரத்தில் ஒரு நெஞ்சுநோய் ஆஸ்பத்திரியில் என் அண்ணன் மூச்சு அளக்கும் மெஷினுக்குள் ஊதிக்கொண்டிருந்தான். "ஊதுங்க, ஊதுங்க, விட்டுடாதீங்க, இன்னும் இன்னும்" என்று டெக்னீஷியன் அக்கா விரட்ட, அவனுக்குக் கண் பிதுங்கியது. எனக்குச் சிரிப்பு வந்தது. அன்றைக்குச் சிரித்ததை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அண்ணனுக்கு மறைமலை நகரில் கார் பாகங்களுக்கு ஸ்பிரே பெயின்ட் அடிக்கும் வேலை. அங்கே சேர்ந்த இரண்டாம் வருஷமே இழுப்பு வந்துவிட்டது. பெயின்ட் வாடை வேண்டாம், ஸ்டோருக்கு மாற்றிவிடுங்கள் என்று கேட்டான். ஆஸ்துமா என்று டெஸ்ட் ரிப்போர்ட் கொண்டுவந்தால் மாற்றுகிறோம் என்றார்கள். அந்த ஒரு தாளுக்காகச் சூப்பர்வைசரிடம் வாரக்கணக்கில் கெஞ்சி ஒரு நாள் லீவு வாங்கியிருந்தான்.

அன்று காலை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலப் படியில் பாதி ஏறியதும் உட்கார்ந்துவிட்டான். மூச்சு விசிலடித்தது. இழுப்பு வந்தால் அடித்துக்கொள்ள அவன் சட்டைப் பையில் வைத்திருந்த மருந்து பஃப்பை எடுத்து நான்தான் வாயில் அடித்துவிட்டேன். கூடப் பிறந்தவன் வேறென்ன செய்வான்? அதில் தப்பில்லை. தப்பு அதற்கப்புறம் நடந்தது. அண்ணன் தள்ளிப் பெஞ்சில் இருக்க, கவுண்டரில் என்னிடம் அந்த அக்கா கேட்டார். "காலையிலேர்ந்து பஃப் எதுவும் எடுக்கலையே? எடுத்திருந்தா இன்னைக்கு ஊதி பிரயோஜனமில்ல, இன்னொரு நாள் வாங்க." இன்னொரு நாள் லீவுக்கு எங்கே போவது? "இல்லக்கா" என்றேன்.

மருந்துக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை ஊதச் சொல்கிறார்கள். முன்னால் குறைந்திருக்கும் மூச்சு மருந்துக்குப் பிறகு ஏறினால் ஆஸ்துமாவைப் பிடித்துவிடலாமாம். அண்ணனுக்குத்தான் மருந்து ஏற்கெனவே உள்ளே போயிருந்ததே! இரண்டு தடவையும் ஒரே மாதிரி, நன்றாகவே வந்தது. டாக்டர் 'நார்மல்' என்று எழுதினார். தொந்தரவு இருந்தால் மறுபடி வாங்க, ஒரு டெஸ்ட்டை வைத்து முடிவு கட்ட முடியாது என்றும் சொன்னார். அதை யார் காதில் வாங்கினோம்?

கம்பெனியில் மாற்றவில்லை. நடிக்கிறான் என்றார்கள். அதையாவது எதிர்பார்த்தேன். ஆனால் அந்தத் தாளை அண்ணனே நம்பிவிடுவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "மெஷினே ஒண்ணுமில்லன்னு சொல்லிடுச்சுடா. அப்புறம் இன்னாத்துக்கு இந்த பஃப்பு?" என்று அதைத் தூக்கி அலமாரியில் போட்டான். அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். அவன் அரும்பாடுபட்டு வாங்கிய லீவு என் பொய்யால் வீணாய்ப் போனது என்று சொல்ல நாக்கு எழவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றே ஐப்பசி மழை வந்துவிட்டது. ஒரு நாள் காலை ஷிப்டில், பெயின்ட் அடிக்கிற இடத்திலேயே சுருண்டு விழுந்தான். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நாலு வருஷம் ஆகிறது. பெருங்களத்தூரில் அண்ணி வீட்டுக்கு மாதம் ஒரு தரம் போவேன். போனால் சாப்பிடாமல் விடமாட்டார். போன ஞாயிற்றுக்கிழமை சோறு போட்டுக்கொண்டே மறுபடியும் ஆரம்பித்தார்.

"அன்னைக்கு நல்லாத்தானே ஊதினாரு? நீதானே கூட இருந்தே."

"ஆமா அண்ணி. நல்லாத்தான் ஊதுச்சு."

"நெஞ்சுல ஒண்ணுமேயில்லாத மனுசனை நான்தாம்பா சரியா பாத்துக்காம வுட்டுட்டேன்."

நான் தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்தேன். அண்ணி இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார்.