வராதவளுக்குப் போட்ட வருகை

எங்கள் பள்ளியில் கணக்கு டீச்சருக்குக் கொசு என்று பட்டப்பெயர். பெண் பிள்ளையின் படிப்பை நிறுத்திய வீடு எதுவானாலும் போய்க் காதருகே ரீங்கரித்துக்கொண்டே இருப்பார். இருபத்திரண்டு வருடம் கண்ட மாடிப்படியெல்லாம் ஏறி, முழங்கால் இரண்டும் போச்சு. அலுவலக எழுத்தரான எனக்கு அவரைப் பார்த்தாலே கால் வலிக்கும்.

ஒன்பதாம் வகுப்பில் ஜன்னலோரப் பெண் வராமல் போனாள். அம்மா இறந்ததும் அப்பா அவளைத் துணிக் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டப் போட்டுவிட்டார். டீச்சர் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அவர், "அடுத்த வாரம் கண்டிப்பா அனுப்புறேங்க" என்பார். தொடர்ந்து முப்பது நாள் வராவிட்டால் பெயர் நீக்கம். திரும்பச் சேர்ப்பது குதிரைக்கொம்பு. அதனால் டீச்சர் வாரம் ஒரு நாள் அவள் வந்ததாகப் பதிவேட்டில் குறி போட்டார். நானும் கண்டும் காணாமல் இருந்தேன்.

பத்து நாள் தொடர்ந்து வராதவர்கள் பட்டியலை ஊரில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர் என்னிடம் வாங்கிப்போவார். அவரும் தெருப் பெண்கள் நாலு பேருமாக வாசலில் போய் நின்றால் எப்பேர்ப்பட்ட அப்பனும் இறங்கி வருவான். நான்கு மாதம் கழித்து, பட்டியலுக்கு வந்த அவரிடம் டீச்சர் சலிப்போடு கேட்டார்.

"அந்தப் பொண்ணு விஷயமா நீங்களாவது பேசக்கூடாதாக்கா?"

"அவளா? லிஸ்ட்ல பேரே வரலையே டீச்சர்! என் கடை வழியாத்தான் தினம் பையோட போறா, ஸ்கூலுக்குத்தான்னுல்ல நெனச்சேன்."

டீச்சர் பதிவேட்டைப் புரட்டினார்; வாரா வாரம் குறி இருந்ததால் பத்து நாள் சேரவே இல்லை. "நானே அவள ஒளிச்சு வச்சிருக்கேன்" என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது.

அன்றே பதிவேட்டோடு தலைமையாசிரியையிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். செம திட்டு. இரண்டு பேரும் விளக்கக் கடிதம் எழுதினோம். பெண்ணின் பெயர் நீங்கியது. மறுபடி சேர்க்க அப்பாவின் கையெழுத்து வேண்டும். தையல்கார அக்காவையும் சேர்த்து ஐந்து பெண்களும் மூன்று நாள் அவர் வாசலைவிட்டு நகரவில்லை. நாலாம் நாள் கையெழுத்து வந்தது.

திங்கட்கிழமை அவள் வந்தாள். விரல்களில் கத்தரி கீறிய தழும்புகள்.

"நான் வராதப்போ யாருமே தேடலையா டீச்சர்?"

வீட்டுக்கு எத்தனை முறை வந்தேன் என்று டீச்சர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"தேடுறவங்ககிட்ட உன் பேரச் சொல்லாம விட்டுட்டேன்மா. தப்பு என்னோடது."

அவள் ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். டீச்சர் பதிவேட்டைத் திறந்து பெயர்களை வாசித்தார். கடைசிப் பெயர் அவளுடையது. "உள்ளேன்" என்று குரல் வரும்வரை பேனாவைத் தொடவில்லை.